பால் மணம் மாறாத வயதில் பனிச்சறுக்கு!

"எங்கள் பிள்ளைகள் காலில் சறுக்குப் பலகையோடு பிறக்கிறார்கள்!"

நார்வே நாட்டு மக்கள் இப்படி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பலகையோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. ஆனால், தாய்ப்பால் மறக்கும் முன்பே அந்த ஊர்க் குழந்தைகள் பனி மீது பவனி வரத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு, மூன்று வயதில் பலகை மேல் நிற்கிறார்கள். நாலைந்து வயதில் சிறு மேட்டில் இருந்து "சர்" என்று சறுக்கி வருகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பா, அம்மாவோடு காட்டுப் பாதையில் சறுக்கிச் செல்கிறார்கள்.

இவ்வளவு சிறிய பிள்ளைகளுக்கு இதை எப்படிப் பழக்குகிறார்கள்? மிரட்டியா? அடித்தா?

இரண்டும் இல்லை. விளையாட்டை விளையாட்டாகவே விட்டுவிடுகிறார்கள். ரகசியம் அவ்வளவுதான்!

குழந்தை ராஜா

நார்வேயில் பனிச்சறுக்கு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஒரு குழந்தைதான். அது 800 ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவம்.

அப்போது நார்வேயில் உள்நாட்டுச் சண்டை. மூன்றாம் ஹாகோன் என்ற ராஜா 1204-ம் ஆண்டு இறந்துபோனார். அவருக்கு ஓர் ஆண் குழந்தை. அதன் பெயரும் ஹாகோன். எதிரிகள் கையில் அகப்பட்டால் குழந்தை உயிர் தப்பாது.

ராஜாவின் பக்கம் நின்ற வீரர்களுக்கு "பிர்க்கபைனர்" என்று பெயர். "மரப்பட்டைக் காலர்கள்" என்று பொருள். வறுமையால் காலில் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டவர்கள் என்று எதிரிகள் வைத்த கேலிப் பெயர் அது.

1206-ம் ஆண்டு, கடுங்குளிர் காலம். குழந்தைக்கு 2 வயது கூட நிரம்பவில்லை. லில்லஹாமர் என்ற ஊரில் இருந்து, மலையைத் தாண்டி, பத்திரமான இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோக வேண்டும். வழியில் பனிப்புயல் வீசியது. சறுக்குவதில் கெட்டிக்காரர்களான இரண்டு வீரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் விரைந்தார்கள். மலையைக் கடந்தார்கள். குழந்தை பிழைத்தது!

அந்தக் குழந்தை 1217-ம் ஆண்டு ராஜா ஆனது. 1263 வரை நாட்டை ஆண்டது. உள்நாட்டுச் சண்டையும் அந்த ராஜாவின் காலத்திலேயே ஓய்ந்தது.

இதன் நினைவாக 1932-ம் ஆண்டு ஒரு சறுக்குப் பந்தயம் தொடங்கப்பட்டது. ரேனா என்ற ஊரில் இருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர் தூரம். பந்தயத்தில் ஓடும் ஒவ்வொருவரும் முதுகில் ஒரு மூட்டை சுமக்க வேண்டும். அதன் எடை 3.5 கிலோவுக்குக் குறையக்கூடாது. அந்த மூட்டைதான் குழந்தை ஹாகோன்!

பிளந்த மரத்துண்டு

பனியில் நடந்தால் கால் புதையும். முழங்கால் வரை கூட உள்ளே போய்விடும். காலில் நீளமான, வழுவழுப்பான பலகையைக் கட்டிக்கொண்டால் உடம்பின் பாரம் பலகை முழுவதும் பரவும். கால் புதையாது. வழுக்கிக்கொண்டும் போகலாம். இந்தப் பலகைக்குத்தான் "ஸ்கீ" என்று பெயர். பழைய நார்வே மொழியில் "பிளந்த மரத்துண்டு" என்று பொருள். நார்வேக்காரர்கள் இதை "ஷீ" என்று உச்சரிக்கிறார்கள்.

பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் மலை நாட்டில் ஒருகாலத்தில் இதுதான் வாகனம். வேட்டைக்குப் போவதும் இதில்தான். அடுத்த ஊருக்குப் போவதும் இதில்தான். நார்வேயின் வடபகுதியில் ரோடோய் என்ற தீவில், ஸ்கீ மீது நிற்கும் மனித உருவம் பாறையில் செதுக்கப்பட்டிருந்தது. அது சுமார் 4,000 ஆண்டுகள் பழமையானது.

பிழைப்புக்காக வந்த பலகை விளையாட்டானது 19-ம் நூற்றாண்டில். டெலிமார்க் பகுதியில் மோர்கடால் என்ற சிற்றூர். அங்கே சொந்த்ரே நோர்ஹைம் என்ற ஏழைக் குடியானவர் இருந்தார். மரத்தின் மெல்லிய கிளைகளை முறுக்கி, குதிகாலைச் சுற்றிப் பலகையோடு கட்டினார். பலகை காலை விட்டுக் கழலவில்லை. தாவவும் முடிந்தது, வளையவும் முடிந்தது. இன்றைய பனிச்சறுக்கு விளையாட்டின் தந்தை என்று இவரைப் போற்றுகிறார்கள்.

முதல் வாகனம் "புல்க்"

குழந்தைக்குக் கழுத்து நன்றாக நின்று, உட்காரப் பழகியதும் பனிப் பயணம் தொடங்குகிறது. ஆனால், குழந்தை சறுக்குவதில்லை. சவாரி செய்கிறது!

அதற்கு ஒரு சிறிய வண்டி உண்டு. சக்கரம் கிடையாது. அடிப்பாகம் படகு போல இருக்கும். பெயர் "புல்க்". வடக்கே வாழும் ஸாமி இன மக்கள் கலைமானைப் பூட்டி இழுத்த பனிவண்டியின் வம்சம் இது. இப்போது கலைமானுக்குப் பதிலாக அப்பாவோ அம்மாவோ இடுப்பில் வார் கட்டி இழுக்கிறார்கள். குழந்தை கம்பளிக்குள் சுகமாகத் தூங்குகிறது.

இதில் ஓர் அபாயமும் உண்டு. வண்டியை இழுப்பவருக்கு வேர்த்துக் கொட்டும். "குளிரே தெரியவில்லையே" என்று அவர் நினைப்பார். பின்னால் அசையாமல் படுத்திருக்கும் குழந்தைக்கோ உடம்பு சில்லிட்டுப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு வெகு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும்.

ஆகவே, அனுபவம் உள்ள தாய்மார்கள் அடிக்கடி நின்று பார்ப்பார்கள். குழந்தையின் பிடரியில் கை வைத்தால் கதகதப்பாக இருக்க வேண்டும். வேர்வை இருக்கக்கூடாது. சில்லென்றும் இருக்கக்கூடாது. கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் குளிர் கடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். தேய்க்கக்கூடாது. காற்று படாத இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்குள்ளே முதல் பாடம்

நன்றாக நடக்கத் தெரிந்தபின், இரண்டு அல்லது மூன்று வயதில், குழந்தைக்குச் சொந்தப் பலகை வருகிறது. குழந்தையின் உயரத்துக்கு மேல் நீளம் இருக்காது. சாதாரணக் குளிர்காலப் பூட்ஸோடு வாரைப் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பலர் முதல் பாடத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். தரை விரிப்பின் மேல் பலகையை மாட்டி நிற்கச் செய்கிறார்கள். பலகை வழுக்காது. குழந்தை அதைத் தொட்டுப் பார்க்கும். காலைத் தூக்கிப் பார்க்கும். பொத்தென்று உட்காரும். சிரிக்கும். பயம் தெளிந்துவிடும்!

அடுத்த பாடம், வாசலில். சமதரையாக இருக்க வேண்டும். சறுக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. "வாத்து எப்படி நடக்கும்? நடந்து காட்டு" என்பார்கள். குழந்தை தத்தித் தத்தி நடக்கும். நடக்கும்போதே பலகை கொஞ்சம் வழுக்கும். குழந்தைக்கு ஆச்சரியம்! மறுபடியும் செய்யும். அவ்வளவுதான் முதல் நாள் பாடம். கால் மணி நேரம் போதும்.

கைத்தடி வேண்டாம்!

பெரியவர்கள் இரண்டு கையிலும் ஊன்றுதடி பிடித்துச் சறுக்குவதைக் குழந்தை பார்க்கும். தனக்கும் வேண்டும் என்று கேட்கும். தொடக்கத்தில் கொடுக்கமாட்டார்கள்.

தடி இருந்தால் குழந்தை அதன் மேல் சாய்ந்துவிடும். உடம்பை நிலை நிறுத்தக் கால்கள் கற்றுக்கொள்ளாது. வெறுங்கையாக இருந்தால், கை தானாக விரியும். முழங்கால் தானாக மடங்கும். உடம்பு தன் சமநிலையைத் தானே தேடிக்கொள்ளும். விழும்போது தடி கண்ணிலோ முகத்திலோ குத்தும் பயமும் இல்லை.

பிறகு விளையாட்டுகள் வரும். மண்வெட்டியால் பனியைக் குவித்துச் சின்ன மேடு கட்டுவார்கள். அப்பா குனிந்து "குகை" ஆவார். குழந்தை அவர் காலுக்கு நடுவே புகுந்து சறுக்கும். பனியில் பந்துகளைப் போட்டு, "போகிற போக்கில் எடு பார்க்கலாம்" என்பார்கள். குனிந்து நிமிர்வதும் ஒரு பயிற்சிதான். ஆனால், அது பயிற்சி என்று குழந்தைக்குத் தெரியாது!

குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாலர் பள்ளிகளிலும் இதே கதைதான். பனிக்காலத்திலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிறார்கள். "கெட்ட வானிலை என்று எதுவும் இல்லை, கெட்ட உடைதான் உண்டு" என்பது அந்த நாட்டுப் பழமொழி.

விழுந்தால் என்ன?

பனியில் விழாத பிள்ளை கிடையாது. பத்து நிமிடத்தில் பத்து முறை விழும். விழுந்ததும் "ஐயோ" என்று ஓடிப்போய்த் தூக்கினால் குழந்தை பயந்துபோகும். அடுத்த முறை தூக்குவதற்கு ஆள் வரும் வரை அழும்.

ஆகவே, விழுவதையே ஒரு பாடமாக வைக்கிறார்கள். முன்னால் குப்புற விழாமல் பக்கவாட்டில் சாய வேண்டும். எழும்போது, முதலில் இரண்டு பலகையையும் ஒன்றுக்கொன்று இணையாக வைக்க வேண்டும். பலகை சரிவைப் பார்த்து நிற்கக்கூடாது. சரிவுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். பிறகு மண்டியிட்டு, கையை ஊன்றி, ஒரு காலாக எழ வேண்டும். இதைத் தானாகச் செய்த குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! கோட்டையைப் பிடித்த பெருமை அதில் இருக்கும்.

கலப்பையும் மீன் முள்ளும்

அடுத்தது மேடு ஏறுவதும், இறங்குவதும், நிற்பதும்.

இறங்கும்போது வேகத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. இரண்டு பலகையின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகற்ற வேண்டும். பலகை பனியைச் சீவிக்கொண்டு மெதுவாக நிற்கும். இதற்கு நார்வேயில் "கலப்பை" என்றுதான் பெயர். பனியை உழுதுகொண்டு போவதால் வந்த பெயர்.

மேடு ஏறுவதற்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பின்பக்கத்தை நெருக்கி, முன்நுனிகளை அகற்றி நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பனியில் விழுந்த தடம் மீனின் நடுமுள் போல இருக்கும். இதற்குப் பெயர் "மீன் முள்". கலப்பையும் மீன் முள்ளும் பழகிய பிள்ளை பாதிப் பாடத்தை முடித்துவிட்டது!

உயரமான சரிவுகளில் விசைக்கயிறு பிடித்து மேலே போய்ச் சறுக்குவது வேறு வகை. அங்கே தலைக்கவசம் அவசியம். பல சறுக்கு மலைகளில், தலைக்கவசம் அணிந்து வரும் 6 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமே கிடையாது.

உடையும் தீனியும்

உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உடை. அதன் மேல் தடித்த கம்பளி. அதற்கும் மேல் காற்றுப் புகாத மேல்சட்டை. இதுதான் முறை. பருத்தி உடை வேர்வையைக் குடித்து ஈரமாகிவிடும். ஈரம், குளிரில் சத்துரு. கைக்கு ஐந்து விரல் உறையைவிட, நாலு விரலும் ஒன்றாக இருக்கும் உறையே நல்லது. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்.

குளிரில் வெயில் சுடாது என்று நினைப்பதும் தவறு. புதுப்பனி, சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். குழந்தையின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும், முகத்துக்குக் களிம்பும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீனிப் பை! சூடான கோக்கோ, ஆரஞ்சுப் பழம், "க்விக் லுன்ஷ்" என்ற சாக்லேட். 1937-ல் விற்பனைக்கு வந்த இந்தச் சாக்லேட் இல்லாமல் நார்வேக் குடும்பங்கள் ஈஸ்டர் விடுமுறைக்கு மலை ஏறுவது அபூர்வம். சோர்ந்து உட்கார்ந்த பிள்ளை ஒரு துண்டு சாக்லேட்டைக் கடித்ததும் எழுந்துவிடும்.

திரும்புவதில் வெட்கம் இல்லை

1967-ம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதன்பிறகு மலைப் பயணத்துக்கான பாதுகாப்பு விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. அவற்றில் ஒன்று, நேரத்தோடு திரும்பிவிட வேண்டும், திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது.

பெரியவர்களுக்காகச் சொன்ன இந்த விதி குழந்தைகளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று இழுத்துக்கொண்டு போனால், குளிரும் பசியும் சேர்ந்து குழந்தை அழும். மறுநாள் பலகையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்போதே வீடு திரும்ப வேண்டும். விவரம் தெரிந்த பெற்றோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

முதல் பரிசு யாருக்கு?

"என் பிள்ளைதான் முதலில் வர வேண்டும்" என்ற ஆசை நார்வேப் பெற்றோருக்கும் உண்டு. அந்த ஆசைக்கு அங்கே ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள்.

நாட்டின் விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த தலைமைக் கழகம் 1987-ம் ஆண்டு பிள்ளைகளுக்கென்று தனி விதிகள் வகுத்தது. 2007-ல் அவை திருத்தி அமைக்கப்பட்டன. பனிச்சறுக்குக்கும் இவை பொருந்தும். 6 வயதில்தான் உள்ளூர்ப் போட்டி. 11 வயது வரும் வரை "முதல், இரண்டாவது, மூன்றாவது" என்று பட்டியல் போடக்கூடாது. பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் பட்டப் போட்டி கிடையாது. எவ்வளவு பயிற்சி செய்வது என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கும் இடம் தர வேண்டும்.

அப்படியும் சில பெற்றோர் சும்மா இருக்கவில்லை. பலகை வேகமாக வழுக்க வேண்டும் என்று பிள்ளைகளின் பலகைக்கு விலை உயர்ந்த ஃப்ளோரின் மெழுகைப் பூசினார்கள். அந்த மெழுகு இயற்கைக்கும் கேடு. 2018-ல் பனிச்சறுக்குச் சங்கம் 16 வயது வரையிலான பிள்ளைகளின் போட்டிகளில் அதற்குத் தடை போட்டது.

"போட்டியைத் தள்ளிப் போட்டால் பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிடமாட்டார்களா?" என்று கேட்கலாம். நார்வேயின் மக்கள் தொகை சுமார் 55 லட்சம். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்கள் வென்று அந்த நாடு முதலிடம் பெற்றது. 2022-ல் 16 தங்கம் வென்றது. அதுவரை எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் வென்றதில்லை.

2018-ல் 21 வயதில் 3 தங்கம் வென்றவர் யோஹன்னஸ் கிளேபோ. இவருக்கு 2 வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக ஸ்கீ வாங்கிக் கொடுத்தவர் இவருடைய தாத்தா. பிற்காலத்தில் பயிற்சியாளர் ஆனவரும் அதே தாத்தாதான்!

பணமும் பனியும்

குழந்தை வளர வளரப் பலகையும் பூட்ஸும் சிறிதாகிவிடும். ஆண்டுதோறும் புதிதாக வாங்க எல்லோராலும் முடியுமா? அண்ணன் போட்டதைத் தம்பி போடுகிறான். பழைய பலகைகளை மாற்றிக்கொள்ளும் சந்தைகளும் நடக்கின்றன. "பூவா" என்ற பெயரில் இரவல் நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. நூல் நிலையத்தில் புத்தகம் எடுப்பதுபோல, அங்கே காசு கொடுக்காமல் பலகையும் பூட்ஸும் எடுத்துப்போகலாம்.

நார்வேயில் பல ஆயிரம் இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். 1980-களில் வந்தவர்களில் பலர் வடகோடியில், பின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த அவர்களுக்குப் பனியே புதிது. அவர்கள் பிள்ளைகளுக்கு அப்படி அல்ல. பள்ளிக்கூடத்திலேயே "ஸ்கீ நாள்" வரும். வகுப்பு முழுவதும் பலகையோடு கிளம்பும்.

இரவல் கொடுத்தும் தீராத கவலை ஒன்று இப்போது வந்திருக்கிறது. பனியே குறைந்து வருகிறது! பூமியின் உஷ்ணம் ஏறுவதால், ஆஸ்லோ போன்ற தாழ்வான இடங்களில் பனி தங்கும் நாட்கள் சுருங்கிவிட்டன. தாத்தா வாசல்படியிலேயே சறுக்கப் பழகினார். பேரனை இன்று ரெயில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. 2020-ம் ஆண்டு ஆஸ்லோவை அடுத்த லோரன்ஸ்கோக் நகரில், கூரைக்குக் கீழே செயற்கைப் பனி கொட்டிய ஒரு பெரிய மண்டபம் திறக்கப்பட்டது. கோடையிலும் அங்கே சறுக்கலாம். ஆனால், காசு கொடுத்து உள்ளே போக வேண்டும். வாசல் பனிக்குக் காசு இல்லை.

அதனால், பனி விழுந்த நாளை யாரும் வீணாக்க விரும்புவதில்லை. பொழுது சாய்ந்தாலும், விளக்கு போட்ட காட்டுப் பாதைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வாத்துப் போலத் தத்திச் செல்கிறார்கள். பின்னால் அம்மா தீனிப் பையோடு வருகிறாள்.

எத்தனை தூரம் போனது, எத்தனை முறை விழுந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. வீடு திரும்பி, பூட்ஸைக் கழற்றும்போது, "நாளைக்கும் போகலாமா?" என்று குழந்தை கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அன்றைய பாடம் வெற்றி!